அரசு உத்தரவை எதிர்த்து ரிட் மனு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களுக்கு எதிராக ஒரு அரசு உத்தரவு வந்திருக்கிறது. "ஹைகோர்ட்ல ரிட் போட்டுடுங்க, ஸ்டே வாங்கிடலாம்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ரிட் மனு என்பது அரசு அமைப்பின் செயலை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் ஆணை கேட்பது; ஸ்டே என்பது இடைக்காலத் தடை. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவருக்காக. எங்கள் குடும்பத்துக்கு வந்த ஓர் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போய்வந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, பிறகு படித்துச் சரிபார்த்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கறிஞரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இது. தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு உரிமம் கொடுக்கலாமா, பட்டா கொடுக்கலாமா என்று ரிட் நீதிமன்றம் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யாது. அந்த முடிவை அதிகாரி எப்படி எடுத்தார் என்றுதான் பார்க்கும். சட்டத்தை மீறினாரா, எந்த நியாயமான மனிதரும் எடுக்காத முடிவை எடுத்தாரா, நடைமுறையைத் தவறவிட்டாரா என்பதுதான் கேள்வி. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் எல்லை வகுத்தது. நீதிமன்றம் இன்னும் ஆழமாகப் போக வேண்டும், இல்லை, நிர்வாகத்தில் தலையிடவே கூடாது என்ற வாதம் சட்டக்காரர்கள் நடுவே ஓயவில்லை. அது அவர்கள் பாடு. உங்கள் காகிதங்களை "எனக்கு அநியாயம் நடந்தது" என்று அடுக்காமல், "இந்த முடிவு எடுக்கப்பட்ட முறை தவறு" என்று அடுக்குங்கள்.

1. எதிராளி யார் என்று பாருங்கள்

அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்படி ரிட் மனு அரசு, உள்ளாட்சி, வாரியம், அரசுப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு எதிராகப் போடுவது. பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்த் தகராறு, தனியார் கம்பெனியோடு பணத் தகராறு என்றால் அது இங்கே நிற்காது. தனியார் அமைப்பு பொதுக் கடமை எதையாவது செய்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் அந்தக் கடமை தொடர்பான விஷயத்தில்தான்.

இன்னொரு தடை, உண்மையே தகராறில் இருப்பது. "நிலம் என் தாத்தாவுடையது", "இல்லை, அவர் விற்றுவிட்டார்" என்று சாட்சி விசாரித்து முடிவு செய்ய வேண்டிய விஷயத்துக்கு சிவில் நீதிமன்றம் போகச் சொல்வார்கள். ரிட் வழக்கு பெரும்பாலும் அஃபிடவிட்டிலும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) ஆவணத்திலும் முடிகிற வழக்கு. கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அங்கே அரிது.

2. மேல்முறையீடு இருக்கிறதா என்று தேடுங்கள்

பலர் இங்கேதான் விழுகிறார்கள். உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "இவ்வுத்தரவால் பாதிக்கப்பட்டவர் ... நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்" என்று இருக்கும். இல்லாவிட்டாலும் அந்தச் சட்டத்தில் இருக்கலாம். வழி இருந்தும் அதை விட்டுவிட்டு ரிட் போட்டால், "மாற்று வழி இருக்கிறது, அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடிக்கடி வருகிற சில: பட்டா மாற்றத்தில் தாசில்தார் உத்தரவுக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஜிஎஸ்டி உத்தரவுக்கு மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கடன் பாக்கிக்காக வங்கி சர்ஃபாசி சட்டத்தில் (வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வழி தரும் சட்டம்) சொத்தைக் கையகப்படுத்தினால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம். மத்திய அரசு ஊழியரின் பணி விவகாரம் என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மாநில அரசு ஊழியருக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லாததால் துறைக்குள் உள்ள மேல்முறையீட்டை முடித்துவிட்டு நேரே உயர் நீதிமன்றம் வரலாம்.

மாற்று வழி இருந்தும் ரிட் போட முடிகிற சூழல்கள் உண்டு. 1998இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கைச் சொன்னது: அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல் (உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுப்பது போன்றது), உத்தரவிட்டவருக்கு அதிகாரமே இல்லாதது, சட்டமே செல்லாது என்று எதிர்ப்பது. உங்கள் விஷயம் இதில் ஒன்றுக்குள் வந்தால் மனுவில் அதை முன்னால் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு, அதைச் சுற்றிவர ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலம் கடந்த வரி மேல்முறையீட்டை இப்படிக் காப்பாற்ற முடியாது என்று 2020இல் கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு பொறி: திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கியதும் மேல்முறையீடு செய்துவிட்டதாக நினைப்பது. அது மேல்முறையீடு ஆகாது. நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்போது சட்டப்படியான கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

3. உத்தரவைப் பென்சிலோடு படியுங்கள்

ஒரு மாலை இதற்காக ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு அரசு அலுவலக உத்தரவுகளுக்கு ஒரு வடிவம் உண்டு. மேலே "... அவர்களின் செயல்முறைகள்", "முன்னிலை", அப்புறம் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், பொருள், பார்வை, அதன்பின் உத்தரவு. கீழே பெறுநர், நகல்.

மேலிருந்தே தொடங்குங்கள். "முன்னிலை" என்ற இடத்தில் யார் பெயர், என்ன பதவி? சட்டம் அந்த அதிகாரத்தை அந்தப் பதவிக்குத்தான் தந்திருக்கிறதா? கோட்டாட்சியர் செய்ய வேண்டியதைத் தாசில்தார் செய்திருந்தால் அந்த ஒரு குறையே போதும். உத்தரவில் எந்தச் சட்டப் பிரிவு சொல்லப்பட்டிருக்கிறது? எதுவுமே சொல்லப்படவில்லையா? அதையும் குறித்துவையுங்கள்.

அடுத்து "பார்வை". பொதுவாக யாரும் கவனிக்காத இடம் இது. அதிகாரி எந்தெந்த அறிக்கை, கடிதம், புகாரை வைத்து முடிவெடுத்தார் என்ற பட்டியல் இதுதான். அதில் உங்களுக்கு நகல் தராத அறிக்கை இருக்கிறதா? கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, நில அளவர் அறிக்கை, மூன்றாம் நபரின் புகார் என்று ஏதாவது இருந்து, அதை உங்களிடம் காட்டாமலே அதன் அடிப்படையில் முடிவு செய்திருந்தால் அது வலுவான புள்ளி. உங்கள் விளக்கக் கடிதம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் கொடுத்திருந்தும் பார்வையில் இல்லை என்றால், அதைப் படிக்கவே இல்லை என்று வாதிடலாம்.

பிறகு காரணம். "தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறதா? ஏன் ஏற்கவில்லை என்று இருக்க வேண்டும். மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குப் பெரிய துணை: உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதைவைத்துத்தான் அது நிற்க வேண்டும், பிறகு நீதிமன்றத்தில் பதில் மனு போட்டுப் புதுக் காரணங்களைச் சேர்த்து ஒட்டுப்போட முடியாது. அரசுத் தரப்பு கவுண்டர் (அந்தப் பதில் மனு) தாக்கல் செய்யும்போது இதையே செய்யப் பார்க்கும். எந்தப் பத்தி உத்தரவில் இல்லாதது என்று அப்போது அடிக்கோடிட்டு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

நோட்டீஸே வரவில்லை, நேரில் கேட்கவில்லை என்பது உங்கள் புள்ளி என்றால் இன்னொரு வேலை செய்ய வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எந்த ஆவணத்தைக் காட்டியிருப்பீர்கள்? அதை மனுவில் எழுதுங்கள். விசாரிக்காததால் உண்மையில் என்ன பாதிப்பு வந்தது என்று காட்டாமல் இயற்கை நீதி மீறல் என்று மட்டும் சொல்வது போதாது என்பதை 2020இல் சுதிர் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

கட்டடத்தை இடிப்பது பற்றிய உத்தரவா? 2024 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த வழிமுறைகளைப் பாருங்கள். முன் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது, குறைந்தது 15 நாள் அவகாசம் வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் அது பொருந்தாது. ஏரிப் புறம்போக்கில் உள்ள வீட்டுக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை.

வந்திருப்பது இறுதி உத்தரவா, வெறும் விளக்கம் கேட்கும் நோட்டீஸா என்பதையும் பாருங்கள். நோட்டீஸ் கட்டத்திலேயே ரிட் போட்டால், "பதில் சொல்லுங்கள், போங்கள்" என்பதுதான் வழக்கமான விடை. நல்ல பதிலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வைத்துக்கொள்வதே மேல்.

4. காகிதங்களைச் சேருங்கள்

உத்தரவின் அசல், அது வந்த உறை (தபால் முத்திரைத் தேதி பின்னால் உதவும்), உங்களுக்கு வந்த எல்லா நோட்டீஸும், நீங்கள் கொடுத்த எல்லாக் கடிதமும் அவற்றின் ஒப்புகையும், உரிமை காட்டும் ஆவணங்கள், அடையாளச் சான்று. தேதி வரிசையில் அடுக்கி, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். அசல் உத்தரவு கையில் இல்லையென்றால், அசல் தாக்கல் செய்வதிலிருந்து விலக்குக் கேட்டுத் துணை மனு போட முடியும்.

"பார்வை"யில் கண்ட அறிக்கைகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேள்வி கேட்காதீர்கள், "ந.க. எண் இன்ன கோப்பில் பார்வை 2, 4இல் கண்ட அறிக்கைகளின் நகல், அலுவலகக் குறிப்புகளின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கும் 30 நாள் கெடு உண்டு. ஆனால் இடிப்பு, ஏலம், பணிநீக்கம் மாதிரி அவசரத்தில் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். வழக்குப் போட்டபின் கூடுதல் ஆவணமாகச் சேர்க்கலாம்.

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழில் உள்ள உத்தரவு, அறிக்கை, பத்திரம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தையும் பணத்தையும் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பை நீங்களே ஒருமுறை வரிவரியாகச் சரிபாருங்கள். சர்வே எண்ணும் தேதியும் தவறிப்போவது சகஜம்.

5. அரசு பேசாமல் இருந்தால்

சில சமயம் உத்தரவே வராது. மனு கொடுத்து மாதக்கணக்கில் கிடக்கும். அப்போது செய்யச் சொல்லும் ஆணை, அதாவது மேண்டமஸ் கேட்கலாம். அதற்கு முன் நீங்கள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். சரியான அதிகாரிக்கு, எந்த விதிப்படி என்ன கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். டெலிவரி ஆன விவரத்தை இணையத்திலிருந்து உடனே பிரிண்ட் எடுங்கள். நாளாகிவிட்டால் அந்த விவரம் கிடைக்காமல் போகலாம்.

இந்த வகை மனுக்களில் பெரும்பாலும் கிடைப்பது "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற ஆணைதான். இதை வெற்றி என்று எண்ணி இனிப்பு வாங்கிவிடாதீர்கள். பரிசீலித்து "முடியாது" என்று சொன்னாலும் அந்த ஆணையை நிறைவேற்றியதாகத்தான் ஆகும். பழைய உரிமைக்குப் புது மனு கொடுத்து, அந்தப் பதிலைக் காட்டிக் காலத்தைப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியாது, 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது.

6. காலம்

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் குறிப்பிட்ட கெடு கிடையாது. அதனால் தாமதமாகப் போகலாம் என்று பொருள் இல்லை. காரணமில்லாத தாமதம் ஒன்றையே வைத்துத் தள்ளுபடி செய்ய முடியும். என் கருத்து: உத்தரவு கிடைத்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள், மேல்முறையீட்டுக்கு உள்ள கெடுவுக்குள்ளேயே ரிட்டும் தாக்கல் ஆகிவிடட்டும். "மாற்று வழிக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினாலும் அங்கே போக உங்களுக்கு நாள் மிஞ்சும்.

7. சென்னையா, மதுரையா

மதுரைக் கிளைக்கு உரியவை: மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை, தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர் மாவட்டங்கள். மற்றவையும் புதுச்சேரியும் சென்னைக்கு. உங்கள் ஊர் உத்தரவை உறுதிசெய்தது சென்னையில் இருக்கும் மேலதிகாரி என்றால் எங்கே போடுவது என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள்.

8. வழக்கறிஞரும் செலவும்

நீதிமன்றக் கட்டணம் இதில் சின்னப் பகுதி. வக்காலத்து முத்திரைகள், டைப்பிங், மொழிபெயர்ப்பு, ஜெராக்ஸ், நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, கடைசியாகப் பெரிய தொகையான வழக்கறிஞர் கட்டணம். அது ஆளுக்கு ஆள் மாறும். எனவே தொகையைவிட, அது எதுவரைக்கும் என்று கேளுங்கள்: தாக்கல் மட்டுமா, இடைக்காலத் தடை வரைக்குமா, இறுதி விசாரணை வரைக்குமா? சீனியர் வழக்கறிஞர் வந்தால் தனியா? பேசியதை ஒரு வாட்ஸாப் செய்தியாகவாவது எழுதி அனுப்பிவையுங்கள். "கண்டிப்பா ஸ்டே வாங்கித் தர்றேன்" என்று உறுதி தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. உயர் நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. உதவி எண் 15100.

9. அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடும் முன்

இது உங்கள் சத்தியப் பிரமாணம். அலுவலகத்தில் நின்றபடியே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். முழுவதையும் படியுங்கள், ஆங்கிலம் தெரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பாக, உங்களுக்குப் பாதகமான விஷயத்தை மறைக்காதீர்கள். முன்பு இதே விஷயத்தில் சிவில் வழக்குப் போட்டிருந்தால், மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், ஒரு நோட்டீஸ் வந்தும் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கின் தகுதியைப் பார்க்காமலே தள்ளுபடி செய்வார்கள். செலவுத் தொகையும் விதிக்கலாம்.

கோரிக்கைப் பத்தியில் ந.க. எண்ணும் தேதியும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். உத்தரவை ரத்து செய்து, கூடவே ஒன்றைச் செய்யவும் சொல்வதென்றால் இங்கே "செர்ஷியோரரிஃபைட் மேண்டமஸ்" என்று கேட்பார்கள். எதிர்மனுதாரர்களைப் பதவிப் பெயரால் சேர்த்தால் போதும். ஓர் அதிகாரி சொந்தப் பகையால் செய்தார் என்று குற்றம் சாட்டினால் அவரைப் பெயர் சொல்லியும் சேர்க்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்த உத்தரவால் பலன் பெற்ற தனிநபர் இருந்தால் அவரையும் சேர்க்காமல் விடக்கூடாது.

10. தாக்கல் முதல் முதல் விசாரணை வரை

தாக்கல் செய்ததும் கிடைப்பது எஸ்.ஆர். எண், அதாவது தாக்கல் பதிவு எண். அது வழக்கு எண் அல்ல. பதிவகம் குறை கண்டால் மனுக் கட்டைத் திருப்பும்: பக்கம் தெளிவில்லை, மொழிபெயர்ப்பு இல்லை, இந்த மனு இங்கே நிற்குமா என்று ஏதாவது. சரிசெய்து மறுபடி கொடுத்தபின்தான் டபிள்யூ.பி. (ரிட் மனு) எண் வரும். "வழக்குப் போட்டாச்சு" என்று சொன்னால் "நம்பர் ஆச்சா?" என்று கேளுங்கள். எண் வந்துவிட்டால் நிலவரத்தை இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.

நாளைக் காலையே இடிக்க வருகிறார்கள் என்பது மாதிரி அவசரம் இருந்தால், காலையில் நீதிபதியிடம் முறையிட்டு அன்றே மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். லஞ்ச் மோஷன் என்பார்கள். உங்களுக்கு உத்தரவு வந்து மாதக்கணக்காகிவிட்டது என்றால் அது எடுபடாது.

இடைக்காலத் தடை தனி மனு. கிடைத்தால் அதன் நகலை அன்றே சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் கிடைத்த தடை என்றால், அதை நீக்கச் சொல்லி அவர்கள் மனு போடுவார்கள்; அந்தத் தேதியில் உங்கள் தரப்பு ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது.

11. தீர்ப்புக்குப் பிறகு

வென்றால் பெரும்பாலும் கிடைப்பது, உத்தரவு ரத்து, ஆனால் விஷயம் மறுபடி அதே அதிகாரியிடம். "மனுதாரருக்கு வாய்ப்பளித்துப் புதிதாக முடிவெடுக்கவும்" என்றிருக்கும். ஆகவே அந்த இரண்டாவது விசாரணைக்கு இப்போதே தயாராகுங்கள். எழுத்துப்பூர்வ விளக்கத்தை ஆவணங்களோடு கொடுங்கள், நேரில் போன நாளில் என்ன சொன்னீர்கள் என்பதையும் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதிகாரி மறுபடி அதே முடிவை எடுத்தால் இந்தக் காகிதங்கள்தான் அடுத்த வழக்கின் அடித்தளம்.

கெடு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். "இவ்வாணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரம்" என்று இருந்தால், நகலை அனுப்பும்வரை அந்த எட்டு வாரம் ஓடவே தொடங்காது. சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பித்து, முகப்புக் கடிதத்தோடு அனுப்புங்கள். நிறைவேற்றாவிட்டால் நினைவூட்டல் அனுப்பிவிட்டு அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஓராண்டு வரம்பு. "செய்துதருகிறோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி அந்த ஆண்டைக் கடத்திவிடாதீர்கள்.

தோற்றால், தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல் போடலாம், 30 நாட்களுக்குள். நகல் பெற ஆன நாட்கள் கணக்கில் கழியும், ஆனால் நீங்கள் நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான். தீர்ப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.